நீலக் கேடயம், பச்சைத் துடைப்பம்

ஆம்பூரில் ஒருவருடைய செருப்பு யூனிட்டுக்குள் இன்னொருவர் நுழையும்போது, மேசைமேல் கிடக்கும் பேட்டர்ன் யாருடையது என்று கேட்கக்கூடாது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை; எங்கும் எழுதி ஒட்டியதுமில்லை. ஆனாலும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நான்கு தெருக்களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் இருபது சொச்ச யூனிட்டுகளில், தோல் வெட்டுகிறவரிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரை, இதை மீறிய ஒருவரைக் காட்டுவது கடினம். அடுத்த சீசன் செருப்புக்கான பேட்டர்னின் அட்டை வெட்டு மேசையில் விரிந்து கிடக்கும். உள்ளே வந்தவர் அதைப் பார்ப்பார். பார்த்த கண்ணை உடனே எடுத்து மின்விசிறியின் மேல் வைப்பார். "இன்னா வெயிலு" என்பார். யூனிட்காரர் பேச்சு கொடுத்தபடியே ஒரு தோல் துண்டை எடுத்து அட்டையின் மேல் போடுவார். அவ்வளவில் இருவருடைய மரியாதையும் காப்பாற்றப்பட்டுவிடும். கேட்கிறவர் ஒன்று திருட வந்தவராக இருக்கவேண்டும், அல்லது திருட்டைக் கண்டுபிடிக்க வந்தவராக. எதுவானாலும் அவர் இன்னொரு முறை அந்த வாசலில் செருப்பைக் கழற்றமுடியாது.

சௌமியா நான்கு ஆண்டுகளாக இந்த விதியை ஒரு பிசகும் இல்லாமல் காத்து வந்தாள். அவளுடைய தொழிலே அதன்மேல்தான் நின்றது. காலணி வடிவமைப்பில் டிப்ளமோ முடித்துவிட்டு, மாதனூரில் அம்மா ஜெயம்மாளுடன் இருந்தபடியே இரண்டு யூனிட்டுகளுக்கு வேலை செய்து கொடுத்தாள். செருப்பின் மேல்பாகத்துக்கான பேட்டர்ன் ஓர் அளவில் வரும். அதை எல்லா அளவுகளுக்கும் கணினியில் பெருக்கி, அட்டையில் வெட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். ஒரு யூனிட் அருணகிரியுடையது. கட்டிங் மாஸ்டராக இருந்து சொந்தமாகத் தொழில் தொடங்கியவர். மற்றது நிசார் அஹமதுவுடையது. இருவருடைய கோப்புகளும் ஒரே கணினியின் டி டிரைவில் அடுத்தடுத்த ஃபோல்டர்களில் இருந்தன. அவற்றுக்கு அவள் ஆள்பெயர் வைக்கவில்லை. அருணகிரியுடையது 'மஞ்சள்', நிசார் பாயுடையது 'சிவப்பு'. தற்செயலாக யாராவது திரையை எட்டிப்பார்த்தாலும் எது யாருடையது என்று தெரியக்கூடாது.

அந்தக் கணினியைப் பார்க்கிறவர்களுக்கு அது தொழிற்கருவி என்று தோன்றாது. கறுப்புக் கண்ணாடிப் பெட்டி. உள்ளே நிறம் மாறி மாறிச் சுழலும் மூன்று விசிறிகள். இரண்டு கையாலும் தூக்கவேண்டிய கிராஃபிக்ஸ் கார்டு. செருப்பைத் திரையில் முப்பரிமாணத்தில் திருப்பிப் பார்க்க இவ்வளவு வலு வேண்டும் என்று சொல்லித்தான் வாங்கினாள். சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதி. மறு பாதி மாலை ஏழு மணிக்குத் தொடங்கும். ஐந்து பேர் ஓர் அணியாகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கி விளையாட்டில், அவளுடைய அணி மாநில அளவுத் தரவரிசையில் மெல்ல மேலேறிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையில் தையல் வரிசையில் உட்கார்ந்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கும் ஜெயம்மாள், மகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு "மேல, மேல, ரெண்டு பேரு" என்று கத்துவதைக் கேட்டபடி சாம்பாரைச் சூடு பண்ணுவாள்.

மூன்று வாரமாக அந்தக் கணினி சரியில்லை. மாலை ஏழரைக்கு, ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில், திரை அப்படியே உறையும்.

"சௌமியா, உன் எதிர்ல படியில நிக்கிறான், சுடு," என்றான் தபரேஸ். ஆம்பூரில் கணினிக் கடை வைத்திருப்பவன். அவளுடைய கணினியைக் கோத்துக் கொடுத்தவனும் அவன்தான்.

"மறுபடி நின்னுடுச்சுடா."

"மெஷினா, நீயா?"

"அவ எதிரிக்கு வணக்கம் சொல்லிக்கினு இருக்கா," என்றாள் மெர்சி. காட்பாடியில் ஒரு தனியார் கல்லூரியின் கணினிப் பிரிவில் வேலை பார்ப்பவள். அணியில் குறி தவறாதவளும் நாக்கு தவறாதவளும் அவளே. "உன் மெஷினுக்குள்ள யாரோ குடித்தனம் பண்றாங்கடீ. என்னிக்காவது பாத்தியா?"

அது வேடிக்கைப் பேச்சாகத்தான் சொல்லப்பட்டது. மறுநாள் திங்கட்கிழமை காலை அருணகிரியிடமிருந்து போன் வந்தபோது, அது வேடிக்கையாகத் தோன்றவில்லை.

"தங்கச்சி, டீ குடிச்சாச்சா?"

"ஆச்சுண்ணே."

"ஒண்ணுமில்ல. நம்ம லேடீஸ் ஐட்டம், மூணு தோல் வார் வெச்சது இருக்குதில்ல? சாம்பிள் இன்னும் நம்ம வாசலைத் தாண்டல. ஆனா நேத்து பையரோட ஏஜென்ட் வந்து, இதே வார், இதே வளைவு, வேற எடத்துல பாத்தேன்னு சொல்லிட்டுப் போறாரு."

எந்த இடம் என்று கேட்க அவள் வாய் திறந்தது. அதைக் கேட்பதும் கேட்கக்கூடாததின் பக்கத்து வீடுதான் என்று தோன்றி மூடிக்கொண்டது.

"உன்னச் சொல்லல நானு. நீ நம்ம வூட்டுப் பொண்ணு. மெஷினச் சொல்றேன். கேம் ஆடுற மெஷினு, நாலு எடத்துலேருந்து நாலு சாமான் எறங்குது. நல்ல செக்யூரிட்டி சாஃப்ட்வேரா பாத்துப் போடு. க்ளீன் பண்ணு. வெள்ளிக்கெழமை வா, பண்ணிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு, புது சீசன் ஃபைலு தரேன். அது வரைக்கும் கொஞ்சம் நிறுத்தி வெப்போம்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கோபப்பட்டிருந்தால் மறுத்திருக்கலாம், அன்பாகச் சொல்லப்பட்ட சந்தேகத்தை எதைக்கொண்டு மறுப்பது? அவருடைய வேலை போனால் பாதி வேலை போகும் என்பதல்ல விஷயம். 'அந்தப் பொண்ணு மெஷின்லேருந்து மால் வெளிய போவுது' என்ற ஒரு வாக்கியம் நான்கு தெருக்களையும் சுற்றிவர ஒரு பகல் போதும். அதற்குப் பிறகு நிசார் பாயும் கோப்பு தரமாட்டார், வேறெவரும் தரமாட்டார்கள். காரணமும் சொல்லமாட்டார்கள். டீ மட்டும் கொடுத்து அனுப்புவார்கள்.

வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. சௌமியா முதலில் சந்தேகப்பட்டது தபரேஸைத்தான். சந்தேகப்பட நியாயம் இருந்தது. அவளுடைய கணினிக்குக் காவலாக இருந்த எல்லாமே அவனுடைய பென்டிரைவிலிருந்து வந்தவை: நீலக் கேடயம் படம் போட்ட ஆன்டிவைரஸ், பச்சைத் துடைப்பம் படம் போட்ட க்ளீனர். இரண்டுக்கும் நீளமான பெயர்கள் உண்டு, யாரும் சொல்வதில்லை. கேடயம், துடைப்பம் என்றால் ஆம்பூர் முழுவதும் புரியும்.

இன்னொன்றும் இருந்தது. பேட்டர்ன் மென்பொருளை முறையாக உரிமம் பெற்று வைத்திருக்கும் யூனிட்டுகள் அந்தத் தெருக்களில் அரிது; பெரும்பாலானோரிடம் கைமாறி வந்த ஒரு திருட்டுச் சாவிக் கோப்புதான். அதைக் கண்டால் எந்த ஆன்டிவைரஸும் கிருமி என்று அழித்துவிடும். மறுநாள் காலை கட்டிங் நின்றுபோகும். ஆகவே தபரேஸ் எல்லாக் கணினிகளிலும் ஒரே வைத்தியம் செய்திருந்தான்: டி டிரைவ் முழுவதையும் சோதனையிலிருந்து விலக்கி வைப்பது. வாசலில் காவல்காரர் உண்டு. உள்ளே ஓர் அறைக்குள் மட்டும் அவர் போகக்கூடாது. சௌமியாவின் விளையாட்டும் அதே டி டிரைவில் இருந்ததால், சோதனை தடுக்காமல் ஆட்டம் வேகமாக ஓடியது. அவளும் சந்தோஷமாகத் தலையாட்டினாள். இப்போது நினைத்துப்பார்த்தால், காக்கவேண்டிய எல்லாம் அந்தக் காவல் போகாத அறைக்குள்தான் இருந்தன.

மாலையில் மெர்சியைக் கூப்பிட்டாள்.

"தபரேஸ் போட்டது எல்லாத்தையும் தூக்கிப் போடு," என்றாள் மெர்சி. "நான் ஒண்ணு அனுப்புறேன், காசு கட்டி வாங்குறது. கேம் ஆடுறவங்களுக்குன்னே பண்ணது. ஆனா நான் அனுப்புற லிங்க்ல போயி வாங்கு."

"ஏன், நேரா போனா தராதா?"

"என் லிங்க்ல வாங்குனா எனக்கு மூணு மாசம் ஃப்ரீ."

"அப்ப அது நல்லதா, உனக்கு நல்லதா?"

"ரெண்டும்தாண்டீ. இன்னாடீ, போலீஸ்கார அம்மா மாதிரி கேக்குற?"

அந்த மென்பொருளைப் பற்றி யூடியூபில் தேடினாள். ஒரு பையன் பதினெட்டு நிமிடம் புகழ்ந்தான்; கடைசியில் அவனும் கீழே உள்ள லிங்க்கில் போய் வாங்கச் சொன்னான். இன்னொருவன் அதைக் கிழித்துத் தொங்கவிட்டு வேறொன்றைப் பரிந்துரைத்தான். அதற்கும் கீழே லிங்க் இருந்தது. காவலுக்கு ஆள் தேடப்போனால், சிபாரிசு செய்கிறவர்கள் எல்லாருமே காவல்காரரின் மைத்துனர்களாக இருந்தார்கள். சொல்கிறவர்களைக் கொண்டு தேர்ந்தெடுக்க முடியாது, செய்கிறதைக் கொண்டுதான் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று அவள் முடிவு செய்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள் வழக்கமாக ஆம்பூர் போகும் நாள், அன்று போகவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். ஓடவிட்டாள். ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு கோளாறுகள் என்று சிவப்பு எழுத்தில் அலறியது. சரிசெய்யச் சொன்னாள், பச்சையாகி, வாழ்த்துச் சொன்னது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஓடவிட்டாள். ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு.

அலமாரியில் ஒரு பழைய ஹார்டு டிஸ்க் கிடந்தது. கணினியில் இருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு இதை மாட்டி, முழுக்கத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டாள். இணையத்தை இணைக்கவே இல்லை. ஒரு விளையாட்டு இல்லை, ஒரு கோப்பு இல்லை. அதில் துடைப்பத்தை ஓடவிட்டாள். பிறந்து ஒரு மணி நேரமே ஆன கணினிக்கு ஆயிரத்து நூற்றுநாற்பது நோய்கள் இருந்தன.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் ஒவ்வொரு ஞாயிறும் இதை ஓடவிட்டு, பச்சை வந்ததும் நிம்மதியாகக் குளிக்கப்போன தன்னை நினைத்தாள். பெட்டி திறந்தபடியே இருந்தது. உள்ளே விசிறிகளின் இடுக்கில், அட்டை வெட்டும்போது பறக்கும் சாம்பல் நிறத் தூசு மெத்தைபோலப் படிந்து கிடந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் அவள் அதைத் தட்டித் தட்டி எடுப்பதை, ஷிப்ட் முடிந்து வந்த ஜெயம்மாள் வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"இதுக்கா ரெண்டு நாளா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருக்க? தொடப்பம் நம்ம வூட்லயே இருக்குதே, இதப் போயி கம்ப்யூட்டருக்குள்ள தேடுற."

"இது வேறம்மா."

"எல்லாம் ஒண்ணுதான். அந்த அருணகிரி உன்ன இன்னாவாவது சொன்னானா?"

"இல்லியே."

"சொல்லாமலா நீ இன்னிக்கு ஆம்பூர் போகல?"

சௌமியா பிரஷ்ஷை மறுபடி விசிறியின் இடுக்கில் விட்டாள். அம்மாவும் வற்புறுத்தவில்லை.

புதன்கிழமை பழைய டிஸ்க்கைக் கழற்றி, தன்னுடையதை மாட்டிக்கொண்டு, கேடயத்தின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தாள். முதல் உண்மை உடனே கிடைத்தது: தினமும் ஒரு முழுச் சோதனை; மூன்று வாரமாக அதன் நேரம் மாலை ஏழரைக்கு மாறியிருந்தது. ஆட்டம் உறைந்ததற்குக் கிருமி காரணமில்லை, காவல்காரர்தான் காரணம். இரண்டாவது உண்மை அதைவிட மோசமானது. முழுப் பதிப்பு என்று தபரேஸ் போட்டுக்கொடுத்ததன் லைசென்ஸ் சாவி போன அக்டோபரிலேயே செத்துவிட்டிருந்தது. அதற்குப் பின் வந்த எந்தப் புதிய கிருமியையும் அது அறியாது. ஆனாலும் தினமும் எழுந்து, அரைமணி நேரம் வீட்டைச் சுற்றிவந்து, எல்லாம் நலம் என்று சொல்லியிருக்கிறது. நீலம் மட்டும் வெளுக்கவில்லை.

இரண்டையும் நீக்கினாள். கேடயம் போகும்போது நான்கு முறை நிஜமாகவா என்று கேட்டது. துடைப்பம் போகும்போது பாதி விலைக்குத் தருவதாகப் பேரம் பேசியது. அவை போனதும், இத்தனை காலம் ஓரமாக ஒதுங்கி நின்ற, விண்டோஸோடு கூடவே வரும் பாதுகாப்பு தானாக எழுந்துகொண்டது. அதற்கு லிங்க் இல்லை, மைத்துனர் இல்லை. தேவையற்ற கோப்புகளைத் துடைக்கவும் விண்டோஸிலேயே ஒரு வசதி இருந்தது. அது எண்ணிக்கை காட்டிப் பயமுறுத்தவில்லை, பதினெட்டு ஜிபி குப்பையை எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தது. தேர்வு முடிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். கடைசியாக, டி டிரைவின் மேலிருந்த விலக்கை எடுத்துவிட்டு முழுச் சோதனைக்கு விட்டாள்.

நான்கு மணி நேரம் ஓடியது. சாவிக் கோப்பு ஒன்றைப் பிடித்தது; அது எதிர்பார்த்ததுதான், அதை மட்டும் விட்டுவைத்தாள். வேறு எதுவும் இல்லை.

எதுவும் இல்லை என்பதைப் பார்த்தபடி அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கிருமி கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகமில்லாத, ஊரில்லாத ஒரு கிருமியைக் காட்டி, இதுதான் அண்ணே என்று சொல்லியிருக்கலாம். கணினி சுத்தம் என்றால், செருப்பு எப்படி வெளியே போனது? மிச்சம் இருப்பது கணினிக்கு எதிரே உட்கார்ந்திருப்பவள் மட்டும்தானே.

அந்த நினைப்புதான் அவளை மறுபடி எழுப்பியது. கிருமிகளை விட்டுவிட்டு, கணினியில் முறையாகக் குடியிருக்கும் மென்பொருள்களின் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தாள். பத்தொன்பதாவது வரியில் ரிமோட் இருந்தது. தூரத்திலிருந்தபடியே இன்னொருவருடைய கணினியைத் திறந்து இயக்கும் மென்பொருள். அது கிருமி இல்லை. அதனால் எந்தக் காவலும் அதைப் பிடிக்காது. கணினி உயிர்பெறும் ஒவ்வொரு முறையும் அதுவும் விழிக்கும்படி வைக்கப்பட்டிருந்தது. பாஸ்வேர்டு நிரந்தரம்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தபரேஸின் கடையில் நின்றாள். அவன் ஒரு மதர்போர்டின் மேல் குனிந்திருந்தான்.

"ரிமோட்ட ஏன்டா என் மெஷின்ல எடுக்காம வெச்ச?"

"எடுத்தா உனக்கு எப்டி ரிப்பேர் பண்றது? மாதனூருக்கு வண்டி ஓட்டிக்கினு வரவா?" அவன் தலை நிமிரவில்லை. "எல்லா யூனிட்லயும் வெச்சிருக்கேன். கூப்ட்டா இங்கேருந்தே உள்ள போயி சரி பண்ணிடுவேன்."

"பாஸ்வேர்டு?"

"நீதான் பாத்திருக்கியே. கடை பேரும் நாலு நம்பரும்."

"எல்லாருக்கும் அதேவா?"

இப்போது நிமிர்ந்தான். "இருபது யூனிட்டுக்கு இருபது பாஸ்வேர்டு யாரு ஞாபகம் வெச்சிக்கிறது? பேஜாரு."

"அப்ப உன் கை டைப் அடிக்கிறத பாத்தவன் எவன் வேணா எவன் மெஷினுக்குள்ள வேணா போலாம்."

தபரேஸ் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் முதலில் வந்தது கோபம். அதன் பின்னால் வந்தது வேறொன்று. தன் கடையை ஒட்டியிருந்த நான்கு தெருக்களையும் அவன் மனசுக்குள் ஒருமுறை நடந்து வந்தான் என்று தோன்றியது.

"நான் எடுத்தேன்னு நெனக்கிறியா?"

"தெரியலடா. அதான் வந்தேன்."

"தோஸ்த்துன்னு சொல்லிக்கினு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். ஒரு சீட்டை எடுத்து எதையோ எழுதி அவள் பக்கம் தள்ளினான். "யாரு உள்ள வந்தாலும் பேரு, தேதி, நேரம் எல்லாம் இந்த ஃபைல்ல வுழும். அது எனக்கும் சேர்த்துத்தான். போயி பாத்துட்டு வந்து திட்டு."

கோப்பு இருக்கும் இடம்தான் சீட்டில் இருந்தது. பன்னிரண்டு மணி பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பி, செருப்பைக் கூடக் கழற்றாமல் அதைத் திறந்தாள்.

தபரேஸின் கடைப் பெயர் மூன்று முறை இருந்தது. மூன்றும் அவளே கூப்பிட்ட நாட்கள். மற்ற பதினோரு வரிகளிலும் ஒரே பெயர். உள்ளே வந்த கணினிக்கு அதன் சொந்தக்காரர் வைத்திருந்த பெயர்: அருணகிரி கட்டிங்.

எல்லாம் செவ்வாய், வெள்ளி. எல்லாம் காலை பதினொன்று பத்திலிருந்து பதினொன்று முப்பத்தைந்துக்குள். ஒவ்வொரு வரியின் முடிவிலும், கோப்புகள் எடுத்துச்செல்லப்பட்டதற்கான குறிப்பு.

செவ்வாயும் வெள்ளியும் காலை பதினொரு மணிக்கு அவள் எங்கே இருப்பாள் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அருணகிரி யூனிட்டின் முன்னறையில், வெட்டிய அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "மாஸ்டரு வர்ற வரைக்கும் டீ குடி தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போவார். அட்டையைச் சரிபார்க்கும் அந்த மாஸ்டர் வர எப்போதும் அரைமணி ஆகும். வீட்டில் அவள் கணினி அணைக்கப்படாமல் இருக்கும். விளையாட்டின் அப்டேட் இறங்க மாதனூர் இணைய வேகத்துக்குப் பகல் முழுவதும் வேண்டும் என்று, ஊருக்குப் போகும் நாட்களில்தான் அதை ஓடவிட்டுவிட்டு வருவாள். இதை அவளே ஒருமுறை சிரித்துக்கொண்டு அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

அவருக்கு அவருடைய சொந்தக் கோப்புகள் அவளிடமிருந்து வேண்டியதில்லை. 'மஞ்சள்' அவருடையது. அவர் எடுத்தது 'சிவப்பு'.

மெல்ல அவளுக்கு மற்றதும் விளங்கியது. அவள் கணினிக்குள் வந்தவர் அவர் ஒருவரே. ஆகவே அவருடைய மூன்று வார்ச் செருப்பு இங்கிருந்து போகவில்லை. அதே பாஸ்வேர்டு அவருடைய கணினியிலும் இருக்கிறது. அவர் இன்னொருவர் வீட்டுக்குள் புகுந்ததுபோலவே இன்னொருவர் அவர் வீட்டுக்குள் புகுந்திருக்கவேண்டும். அது யார் என்பது அவருடைய கணினிக்குத்தான் தெரியும். தான் புகுந்த ஓட்டை வழியாகவே தன் செருப்பும் போனது என்று நினைத்துத்தான் அவளை அடைக்கச் சொல்லியிருக்கிறார். தன்மேல் தவறில்லை என்பதற்கு இந்தப் பதினோரு வரிகளைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் அவளை விடுவிக்கும் அதே வரிகள்தாம் அவரைப் பிடித்துக்கொடுப்பவை. ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் காட்ட வழியில்லை.

ரிமோட்டை நீக்கினாள். பிறகு தபரேஸைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"நான் இன்னிக்கே எல்லா மெஷின்லயும் பாஸ்வேர்டு மாத்துறேன்," என்றான். "ஆனா நீ ஒண்ணு பண்ணு. நாளைக்குப் போயி, சாஃப்ட்வேர் போட்டுட்டேன், சுத்தமாயிடுச்சுன்னு மட்டும் சொல்லு. அவருக்கு இனிமே உள்ள வர முடியாதுன்னு தெரிஞ்சிடும். உனக்குத் தெரியும்னும் தெரிஞ்சிடும். புது சீசன் ஃபைலைக் கையில குடுத்துடுவாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். ஊரு அப்டித்தான் ஓடுது. நிசார் பாய்கிட்ட போயி சொன்னேன்னு வெச்சிக்க, அவரு உன்னத்தான் மொதல்ல கேப்பாரு, என் ஃபைலு உன் மெஷின்லேருந்து ஏன் போச்சுன்னு. யாருக்கு நஷ்டம் சொல்லு?"

அவன் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. அப்படியே செய்வது என்று முடிவு செய்துகொண்டுதான் வெள்ளிக்கிழமை காலை மாதனூரில் பஸ் ஏறினாள். வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்: போட்டுட்டேண்ணே, சுத்தமாயிடுச்சு.

அன்று அருணகிரி அவளை முன்னறையில் உட்காரச் சொல்லவில்லை. நேராக உள்ளே, கட்டிங் மேசைவரை அழைத்துக்கொண்டு போனார். எட்டுப் பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தோலை அச்சு வைத்து வெட்டும் பிரஸ் மெஷின் அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னா தங்கச்சி, ஆச்சா?"

"ஆச்சுண்ணே. பழசெல்லாம் எடுத்துட்டேன். விண்டோஸ்ல வர்றதையே வெச்சிக்கினேன்."

"ரிமோட் கிமோட்டு?"

அவர் கேட்ட விதம் மிகச் சாதாரணமாக இருந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அதையும் எடுத்துட்டேன்."

"நல்லது, நல்லது." ஒரு கண நேரம் எதையோ கணக்குப் போட்டதுபோல் நின்றவர், பிறகு வேலையாட்கள் பக்கம் திரும்பி, பிரஸ் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார். "கேட்டுக்கினீங்களாப்பா? நம்ம தங்கச்சி மெஷின்ல இருந்த ஓட்டைய அடைச்சிடுச்சு. இனிமே நம்ம மாலு வெளிய போவாது. பாவம், சின்னப் பொண்ணு, தெரியாம நடந்துபோச்சு. யாரும் இத வெளிய பேசிக்கினு இருக்காதீங்க."

எட்டுப் பேரும் அவளைப் பார்த்தார்கள். ஒருவர் பரிவோடு தலையாட்டினார். மாலைக்குள் இந்த எட்டுப் பேரும் எட்டு டீக்கடைகளில் இதைச் சொல்லாமல் இருக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரியும். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருடைய கோப்பு கைக்கு வரும். அதோடு அவர் சூட்டிய கெட்டபெயரும் வரும்.

மேசையில் ஓர் அட்டை வெட்டு விரிந்து கிடந்தது. ஆண்களுக்கான லோஃபர் ஷூ. அதன் குதிகால் வளைவில் இரண்டு மில்லிமீட்டர் தவறு இருந்ததை, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கும் போகாமல் உட்கார்ந்து திருத்தியவள் அவள்தான். பேட்டர்னைக் கொடுத்த நிசார் பாயே அதைக் கவனித்திருக்கமாட்டார். அவள் பார்வை போன இடத்தை அருணகிரி பார்த்தார். பேச்சை நிறுத்தாமல், பக்கத்திலிருந்த ஒரு பழுப்புத் தோல் துண்டை எடுத்து, பழகிய கையால் அட்டையின் மேல் போட்டார்.

"இன்னா வெயிலு பாரு," என்றார்.

சௌமியா மின்விசிறியைப் பார்க்கவில்லை. கையை நீட்டித் தோல் துண்டின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். அது மேசையின் விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தது. பிரஸ்காரர் நெம்புகோலிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தார். சத்தம் நின்றிருந்ததால் அவள் குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை.

"இந்தப் பேட்டர்ன் யாரோடதுண்ணே?" என்று கேட்டாள்.